ஒளித்த கடனும் சொன்ன கடனும்: நம் நாட்டுக் கடன் சட்டங்களின் கதை

கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

நம் ஊர்களில் கடனால் ஒரு குடும்பம் உடைவது பெரும்பாலும் ஒரே மாதிரித்தான் நடக்கிறது. முதலில் உம்மாவின் காப்பு அடகுக்குப் போகும். அடுத்து ஒரு கிழமைக் கடன். அதை அடைக்க இன்னொரு கிழமைக் கடன். பிறகு, "ரெண்டு வருஷத்தில திருப்பிடலாம்" என்று யாரிடமோ காணியை எழுதிக் கொடுப்பது. இவ்வளவும் நடந்து முடியும்வரை அடுத்த வீட்டுக்குத் தெரியாது. சில வீடுகளில் மனைவிக்கே தெரியாது. பிள்ளை தொடர்ந்து பாடசாலைக்கு வராமல் விட்ட பிறகுதான் வகுப்பாசிரியர் விசாரிக்க, விசயம் வெளியே வரும். அப்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும்.

கடனை மறைப்பது மானத்தைக் காப்பது என்று நாம் நினைக்கிறோம். ஆனால் இந்த நாட்டில் கடன்பட்டவனுக்கு உதவ வந்த சட்டங்களின் வரலாற்றைப் பார்த்தால், அவற்றுக்கு ஒரு பொதுக் குணம் இருப்பது தெரியும். நேரத்தோடு வந்து, கணக்கைத் திறந்து காட்டியவனுக்குத்தான் கதவு திறந்திருக்கிறது. ஒளித்தவனுக்கு அது மூடிக்கொண்டது. அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

கடனுக்குச் சிறை

நம்மை ஆண்ட பிரித்தானியாவிலிருந்து தொடங்குவோம். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அங்கே கடன் கட்டாதவனைச் சிறையில் போட்டார்கள். ஆங்கில இலக்கியம் படித்த பிள்ளைகளுக்கு சார்ள்ஸ் டிக்கன்ஸ் பெயர் தெரியும். 1824இல் அவருடைய தகப்பன் ஒரு பாண்காரருக்குக் கொடுக்க வேண்டிய ஏறத்தாழ 40 பவுண் கடனுக்காக இலண்டனில் மார்ஷல்சி என்ற கடன் சிறையில் அடைக்கப்பட்டார். 12 வயது டிக்கன்ஸ் படிப்பை விட்டு, சப்பாத்து மை போத்தல்களுக்கு லேபல் ஒட்டும் வேலைக்குப் போனார். தகப்பனின் கடன் முதலில் பறித்தது பிள்ளையின் பள்ளிக்கூடத்தை. 200 ஆண்டுகள் கழிந்தும் இதில் பெரிய மாற்றம் இல்லை என்பதை ஆசிரியர்கள் அறிவோம்.

இந்த முறையில் ஒரு முட்டாள்தனம் இருந்தது. உள்ளே இருப்பவன் எப்படி உழைப்பான்? உழைக்காதவன் எப்படிக் கட்டுவான்? இது புரிய அவர்களுக்கு நீண்ட காலம் எடுத்தது. 1869இல் வந்த கடனாளிகள் சட்டம்தான் இங்கிலாந்தில் கடனுக்குச் சிறை என்ற முறையைப் பெரும்பாலும் ஒழித்தது.

இலங்கையின் முதல் கதவு: 1853

அதற்கு முன்பே இலங்கையில் ஒரு சட்டம் வந்துவிட்டது. 1853ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வங்குரோத்துக் கட்டளைச் சட்டம். அது கோப்பிக் காலம். 1847இல் இலண்டனில் நிதி நெருக்கடி வந்து கோப்பி விலை விழுந்தபோது, கடன் எடுத்துத் தோட்டம் போட்ட பலர் நொடிந்து போனார்கள். தோட்டங்கள் அடிமாட்டு விலைக்குக் கைமாறின. கடனாளி என்றால் சோம்பேறி, ஊதாரி என்ற எண்ணத்தோடு அந்த நெருக்கடியை விளங்கப்படுத்த முடியாது. நல்லா உழைத்தவனும் உலகச் சந்தை விழுந்தால் விழுவான்.

1853 சட்டம் இப்படி வேலை செய்தது. கடனைக் கட்ட முடியாத ஒருவர் தானே மாவட்ட நீதிமன்றம் போய் "என்னால் முடியவில்லை" என்று அறிவிக்கலாம். கடன் கொடுத்தவரும் அவருக்கெதிராக மனுப் போடலாம். கடனாளியின் சொத்து நீதிமன்றம் நியமிக்கும் ஒருவரின் பொறுப்புக்குப் போகும். அது விற்கப்பட்டு, கடன் கொடுத்த எல்லோருக்கும் விகிதப்படி பங்கிடப்படும். முந்தி வந்தவன் முழுவதையும் அள்ளிப் போக முடியாது. கடைசியில் நீதிமன்றம் திருப்தியடைந்தால் கடனாளிக்கு ஒரு சான்றிதழ் கொடுக்கும். அதோடு பழைய கடன்களிலிருந்து அவருக்கு விடுதலை.

அந்தச் சான்றிதழில் மூன்று வகுப்புகள் இருந்தன. தவிர்க்க முடியாத நட்டத்தால் விழுந்தவனுக்கு முதலாம் வகுப்பு. விழுந்ததற்கு ஓரளவு தானும் காரணமாக இருந்தவனுக்கு இரண்டாம் வகுப்பு. முழுக்கத் தன் பிழையால் விழுந்தவனுக்கு மூன்றாம் வகுப்பு. பரீட்சைப் பெறுபேறு மாதிரி! இங்கிலாந்தில் 1849இல் வந்த இந்த வகுப்புப் பிரிப்பை 1861இல் அவர்களே கைவிட்டார்கள். நம் சட்டப் புத்தகத்தில் அது தொடர்ந்து இருந்தது. 170 ஆண்டுகளைத் தாண்டிய இந்தச் சட்டத்துக்குப் பதிலாகப் புதியது வேண்டும் என்ற பேச்சும் நெடுநாளாக இருக்கிறது.

குறையுள்ள சட்டம்தான். செலவு கூடியது, மெதுவானது, சாதாரண மக்களைவிட வியாபாரிகளுக்கே பொருந்தியது. ஆனாலும் நீதிபதி அங்கே கேட்ட கேள்விகளைக் கவனியுங்கள். கணக்குப் புத்தகம் வைத்திருந்தாயா? சொத்தை மறைத்தாயா? கட்ட முடியாது என்று தெரிந்த பிறகும் கடன் வாங்கினாயா? விழுந்தது குற்றமல்ல, மறைத்ததே குற்றம் என்ற கருத்து 1853லேயே நம் நாட்டுச் சட்டத்துக்குள் வந்துவிட்டது.

வங்கியே விழுந்த கதை

1869இல் கோப்பி இலையில் ஒரு நோய் கண்டுபிடிக்கப்பட்டது. அடுத்த 15 வருடங்களில் கோப்பிச் செய்கை அழிந்தது. தோட்டங்களுக்குக் கடன் கொடுத்திருந்த ஒரியன்டல் வங்கி 1884இல் மூடப்பட்டது. அந்தக் காலத்தில் நாட்டில் புழங்கிய நோட்டுகளில் பெரும்பகுதி அந்த வங்கி அச்சிட்டவை. மக்கள் கையிலிருந்த காசு ஒரே நாளில் வெறும் கடுதாசி ஆகும் நிலை. ஆளுநர் ஆர்தர் கோர்டன் அந்த நோட்டுகளுக்கு அரசாங்கமே பொறுப்பு என்று அறிவித்தார். அதன் பிறகுதான் நோட்டு வெளியிடும் வேலையை அரசாங்கம் தன் கையில் எடுத்தது.

பெரிய இடம் விழுந்தால் அரசு பிணை நிற்கிறது. சின்னவன் விழுந்தால்? அந்தக் கேள்விக்குப் பதில் வர இன்னும் பல பத்தாண்டுகள் எடுத்தன.

கடுதாசியில் என்ன எழுதியிருக்கிறது?

அப்போதைய ஆங்கில வங்கிகள் உள்ளூர்ச் சிறு வியாபாரிக்கோ விவசாயிக்கோ கடன் கொடுக்கவில்லை. வங்கியிடம் வாங்கி மற்றவர்களுக்குக் கொடுத்தவர்கள் கொழும்பு செட்டியார் தெருவிலிருந்த நாட்டுக்கோட்டைச் செட்டிமார். சம்பளக்காரர்களுக்குக் கைமாற்றாகக் கொடுத்தவர்களில் ஆப்கானியர்கள் பேர் பெற்றவர்கள். ஊர் மட்டத்தில் கடை முதலாளியே வங்கி. 500 எழுதி 400 கையில் கொடுப்பது, வட்டியை முன்கூட்டியே பிடிப்பது எல்லாம் அப்போதே இருந்தவைதான்.

1918இல் பணக்கடன் கொடுத்தல் கட்டளைச் சட்டம் வந்தது. இரண்டு காரியங்களை அது செய்தது. அளவுக்கு மீறிய வட்டி, அநியாயமான நிபந்தனை என்று கண்டால் நீதிமன்றம் அந்தக் கொடுக்கல் வாங்கலைத் திறந்து மறுபடி கணக்குப் பார்க்கலாம். அடுத்தது, வாக்குறுதிச் சீட்டில் உண்மையில் கொடுத்த முதல் எவ்வளவு, முன்கூட்டிப் பிடித்தது எவ்வளவு, வட்டி வீதம் எவ்வளவு என்று தெளிவாக எழுத வேண்டும். எழுதாவிட்டால், அந்தச் சீட்டை வைத்துக் கடன் கொடுத்தவர் வழக்காடுவது கஷ்டம்.

இந்த இடத்தில் நமக்கு ஒரு விசயம் நினைவு வர வேண்டும். குர்ஆனின் மிக நீளமான வசனம் எதைப் பற்றியது? தொழுகை பற்றியா, நோன்பு பற்றியா? இல்லை. கடனை எழுதி வைப்பது பற்றி. தொகை, தவணை, எழுதுபவர், சாட்சி எல்லாம் அதில் இருக்கிறது. அப்படியிருந்தும் வெற்றுச் சீட்டில் கையெழுத்து வைப்பது, "நம்ம ஆள்தானே" என்று எழுதாமல் விடுவது நம்மிடம்தான் அதிகம்.

1941: கடன் இணக்கச் சபை

1925இல் கொழும்பில் ஒரு பெரிய செட்டியார் நிறுவனம் முறிந்தது. வங்கிகள் பயந்து செட்டிமாருக்குக் கொடுத்த கடனைச் சுருக்கின. அவர்கள் தங்களிடம் வாங்கியவர்களை நெருக்கினார்கள். 1929க்குப் பிறகு உலகப் பொருளாதார மந்தம் வந்து இறப்பரும் தேங்காயும் விலை விழுந்தன. ஈடு வைத்த தென்னந்தோட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கைமாறின. இந்தப் பின்னணியில்தான் 1934இல் சொராப்ஜி பொச்கானாவாலா தலைமையிலான வங்கி ஆணைக்குழு அறிக்கை கொடுத்தது. 1939 ஓகஸ்ட் 1ஆம் திகதி இலங்கை வங்கி திறக்கப்பட்டது.

அதற்கு இரண்டு வருடத்துக்குப் பிறகு, 1941ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கக் கடன் இணக்கக் கட்டளைச் சட்டம் வந்தது. நம்மில் பலர் இதைக் கேள்விப்பட்டதே இல்லை. ஊரில் இருக்கும் மத்தியஸ்த சபையோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது 1988ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்தது, வேறு. கடன் இணக்கச் சபை நீதி அமைச்சின் கீழ் இயங்குவது. தனியாட்களிடம் காணி பூமியை ஈடு வைத்து வாங்கிய கடன்தான் அதன் முக்கியமான வேலை. இரண்டு தரப்பையும் கூப்பிட்டு, உண்மைக் கடன் எவ்வளவு, நியாயமான வட்டி எவ்வளவு, கடனாளியால் எத்தனை தவணையில் கட்ட முடியும் என்று பேசி ஓர் இணக்கத்துக்குக் கொண்டுவரும்.

ஏன் இதை இவ்வளவு விபரமாகச் சொல்கிறேன்? நம் ஊர்களில் காணி போகும் வழி பெரும்பாலும் "நிபந்தனை உறுதி". ஒருவர் 5 இலட்சம் வாங்குகிறார். அதற்காகக் காணியை விற்பதாக உறுதி எழுதுகிறார். இரண்டு வருடத்துக்குள் காசைக் கொடுத்தால் திருப்பி எழுதித் தருவதாக அதே உறுதியில் நிபந்தனை. காலம் தவறினால் 30 இலட்சம் பெறுமதியான காணி 5 இலட்சத்துக்குப் போய்விடும். பின்னர் வந்த திருத்தங்கள் மூலம் இந்த வகை உறுதிகளும் ஈடு போலக் கருதப்பட்டு சபையின் முன் வரலாம் என்றானது. ஆனால் ஒரு கண்டிப்பு: மீட்கும் காலம் முடிவதற்கு முன்பே மனுப் போட வேண்டும். கடைசி நாள் வரை இருக்கக் கூடாது. காலம் முடிந்த பிறகு அழுதுகொண்டு போனால் சபையால் அந்த மனுவை எடுக்க முடியாது.

இன்னும் ஆபத்தானது, நிபந்தனை எதுவும் எழுதாத அறுதி உறுதி. "எழுத்தில வேணாம், நான் திருப்பித் தருவன்" என்ற வாய்ச்சொல். 1840ஆம் ஆண்டின் மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, காணி சம்பந்தமான உடன்படிக்கை நொத்தாரிசு முன் எழுதப்பட்டால்தான் செல்லும். வாய்ச்சொல்லுக்கு அங்கே இடமில்லை. 1917ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புகள் கட்டளைச் சட்டத்தின் கீழ், சூழ்நிலைகளைக் காட்டி "இது உண்மையில் விற்பனை அல்ல" என்று வழக்காட வழி உண்டு. ஆனால் அது வருடக்கணக்கில் இழுபடும் பாதை. கடன் சபைக்கு நேரத்தோடு போவது அதைவிட எவ்வளவோ இலேசு.

1990க்குப் பின்

1990இல் காற்று மறுபக்கம் வீசியது. அந்த ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டப்படி, வங்கிகள் நீதிமன்றம் போகாமலே, தங்கள் பணிப்பாளர் சபைத் தீர்மானத்தால் ஈடு வைத்த சொத்தை ஏலத்தில் விற்கலாம். "பராட்டே" என்று பத்திரிகைகளில் பார்க்கிறோமே, அதுதான். சொல் டச்சுக்காரர் விட்டுப்போன சட்டத்திலிருந்து வந்தது. நாடு நொடிந்த பிறகு, சிறு, நடுத்தர வியாபாரிகளின் போராட்டத்தால் 2024இல் இது சில காலம் இடைநிறுத்தப்பட்டது.

அதே 1990இன் 2ஆம் இலக்கச் சட்டத்தில் வியாபாரிகள் கட்டாயம் அறிய வேண்டிய ஒரு பிரிவு உண்டு. கணக்கில் பணமில்லை என்று தெரிந்துகொண்டு காசோலை கொடுப்பது குற்றம். கடன் கட்ட முடியாமல் போவது சிவில் விசயம். ஒருவர் ஒப்பந்தக் கடமையை நிறைவேற்ற இயலாததற்காக மட்டும் சிறையில் இடக் கூடாது என்று 1980இல் இலங்கை ஏற்றுக்கொண்ட சர்வதேச உடன்படிக்கையும் சொல்கிறது. ஆனால் நேரம் வாங்குவதற்காகக் காசோலைக்கு மேல் காசோலை எழுதுபவர் தன் கையாலேயே கடனைக் குற்றமாக மாற்றிக்கொள்கிறார்.

யுத்தம் முடிந்த பிறகு வடக்கிலும் கிழக்கிலும், பிறகு நாடெங்கும் நுண்கடன் பரவியது. 2016இல் அதற்கென்று 6ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 2018இல் வரட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்கள் வாங்கித் தவணை தவறிய, 1 இலட்சம் ரூபாவுக்கு மேற்படாத கடன்களுக்கு அரசு நிவாரணம் அறிவித்தது. மத்திய வங்கியின் கீழுள்ள நிதிக் கம்பனிகளின் நுண்கடன் வட்டிக்கு 35 சதவீத உச்ச வரம்பும் வந்தது. 2021இல் ஹிங்குராக்கொடையில் பெண்கள் வாரக்கணக்கில் வீதியோரம் அமர்ந்து, நுண்கடனுக்கு நீதி கேட்டார்கள். அந்தப் பெண்கள் செய்த மிகப் பெரிய காரியம் என்ன தெரியுமா? "எங்களுக்குக் கடன் இருக்கிறது" என்று ஊரறியச் சொன்னதுதான். தனித்தனியாக வெட்கப்பட்டவர்கள் ஒன்றாக உட்கார்ந்தபோது, அது ஒரு வீட்டின் வெட்கமாக இருக்கவில்லை, நாட்டின் பிரச்சினை ஆனது.

2022 ஏப்ரல் 12ஆம் திகதி இலங்கையே "வெளிநாட்டுக் கடனை இப்போது கட்ட முடியாது" என்று அறிவித்தது. கையிருப்பு முழுவதும் கரைந்த பிறகு, பிந்திச் சொன்னதுதான் பிழை என்று பல பொருளியலாளர்கள் விமர்சித்தார்கள். பெற்றோல் வரிசையிலும் காஸ் வரிசையிலும் நாம் நின்று அதன் விலையைக் கொடுத்தோம். அதன் பிறகு கணக்கைத் திறந்து காட்டி, கடன் கொடுத்தவர்களோடு பேசி, 2024இல் மறுசீரமைப்பு உடன்பாடுகள் எட்டப்பட்டன. ஒரு நாடே செய்ததை ஒரு குடும்பம் செய்ய ஏன் வெட்கப்பட வேண்டும்?

நாம் பாதியோடு நிறுத்தும் ஹதீஸ்

கடன்பட்டு மரணித்தவருக்கு நபி (ஸல்) அவர்கள் ஜனாஸா தொழுவிக்காமல் நின்ற சம்பவத்தை நம் மிம்பர்களில் அடிக்கடி கேட்கிறோம். கேட்கும் கடனாளி இன்னும் பயந்து, இன்னும் ஒளிக்கிறார். ஆனால் அதே வரலாற்றின் மிச்சப் பகுதி ஸஹீஹான ஹதீஸ்களிலேயே இருக்கிறது. பின்னர் வசதி வந்தபோது, கடனோடு இறந்து அதை அடைக்க எதுவும் விட்டுச் செல்லாதவரின் கடனை நபியவர்களே பொறுப்பேற்றார்கள். ஸகாத் பெறும் எட்டுக் கூட்டத்தாரில் கடனாளிகளும் ஒரு கூட்டம். வங்குரோத்து அடைந்தவரின் சொத்தை எப்படிப் பங்கிடுவது, அவருக்கு எதை விட்டுவைக்க வேண்டும் என்று நம் ஃபிக்ஹ் நூல்களில் தனிப் பாடமே உண்டு. பயமுறுத்தும் பாதியை மட்டும் சொல்லி, பொறுப்பேற்கும் பாதியை விடுவது நீதியல்ல.

இனி என்ன செய்யலாம்?

கடனில் இருப்பவர் முதலில் ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதுங்கள். யாருக்கு, எவ்வளவு, என்ன வட்டி, என்ன ஈடு, எந்தத் திகதி. மனைவிக்கு அல்லது கணவனுக்குக் காட்டுங்கள். தவணை தவறுவதற்கு முன்பே கடன் கொடுத்தவரிடம் எழுத்தில் கேளுங்கள், பிரதி வைத்துக்கொள்ளுங்கள். தவறிய பின் கேட்பவருக்கும் தவறுமுன் கேட்பவருக்கும் கிடைக்கும் மரியாதை வேறு. நிபந்தனை உறுதி எழுதியிருந்தால் இன்றைக்கே எடுத்து மீட்கும் திகதியைப் பாருங்கள். கடன் இணக்கச் சபைக்குப் போவது பற்றி ஒரு சட்டத்தரணியிடம் கேளுங்கள். வசதியில்லாதவர்களுக்கு சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. நான் ஆசிரியர், சட்டத்தரணி அல்ல. இந்தப் பதிவு கதவைக் காட்டும், உள்ளே கூட்டிப் போக அவர்கள்தான் வேண்டும்.

அரச ஊழியர்களுக்கு, முக்கியமாக ஆசிரியர்களுக்கு ஒரு சொல். பிணை வைக்கக் கேட்டு வருபவர்கள் நம்மிடம்தான் வருவார்கள். முதலில் கடனாளியிடம் அறவிட்டுப் பார், பிறகு என்னிடம் வா என்று சொல்லும் உரிமை பழைய ரோமன்-டச்சுச் சட்டத்தில் பிணையாளிக்கு உண்டு. அந்த உரிமையை விட்டுக்கொடுப்பதாகப் படிவத்திலேயே எழுதி நம் கையெழுத்தை வாங்கிக்கொள்வார்கள். வாசிக்காமல் வைக்காதீர்கள்.

பள்ளிவாசல் நிர்வாகங்களுக்கு ஒரு வேண்டுகோள். ஸகாத் நிதியில் கடனாளிகளுக்கென ஒரு பங்கை ஒதுக்குவதோடு, நம்பகமான இரண்டு மூன்று பேரை இதற்கென்று வையுங்கள். ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், ஒரு சட்டத்தரணி, பெண்கள் பேசுவதற்கு ஒரு பெண். பெயர் வெளியே போகக் கூடாது. காசு கொடுக்க முடியாவிட்டாலும், கணக்கைப் பார்த்து, உறுதியை வாசித்து, திகதியைச் சொல்லி, கடன் கொடுத்தவரோடு பேச ஓர் ஆள் கூடப் போனாலே பல காணிகள் தப்பும்.

உங்களுக்குத் தெரிந்த யாராவது இப்போது ஒளித்துக்கொண்டிருந்தால், புத்திமதி சொல்ல வேண்டாம். "உறுதியில என்ன திகதி போட்டிருக்கு?" என்று மட்டும் கேளுங்கள். திகதி இன்னும் தாண்டவில்லை என்றால், வழி இருக்கிறது.

அல்லாஹ் கடன்பட்ட ஒவ்வொருவரின் சுமையையும் இலேசாக்குவானாக. குடும்பக் குழுமங்களில் பகிருங்கள்.